கொர்னேலியஸின் இடுப்பு உரிமை

ஹைதராபாத் மெட்டுகூடாவில் சலீமின் ஈரானி டீக்கடை வாசலில் ஒரு திங்கட்கிழமை பலகை தொங்கியது: 'வாடிக்கையாளர்களின் மேலான கவனத்திற்கு. துப்பாக்கியை மறைத்து எடுத்துவருவதைத் தயவுசெய்து தவிர்க்கவும்.' பேகம்பேட்டில் ஏதோ பெரிய ஹோட்டலில் சலீம் பார்த்த பாணி. ஏசி வைக்க முடியாதவர் பலகையாவது வைக்கலாமே.

ரயில்வே பாதுகாப்புப் பிரிவில் ஓய்வுபெற்ற கொர்னேலியஸ் அதைப் படித்துவிட்டு இடுப்பைத் தொட்டுக்கொண்டார். லைசென்ஸ் ரிவால்வர்காரர். சட்டைக்கடியில் புடைத்த அந்த இடத்தைப் பார்த்துத்தான் ஊர் அவருக்கு வழிவிடும்.

உண்மையில் புடைத்திருந்தது மூக்குக்கண்ணாடிக் கூடு. ரிவால்வரைச் சட்டசபைத் தேர்தலுக்காக, விதிப்படி, காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். திரும்ப வாங்குவதற்குள் பார்லிமென்ட் தேர்தல் வந்தது. அப்புறம் இடைத்தேர்தல், அப்புறம் பஞ்சாயத்து. ஹைதராபாத்தில் வெயில்கூட லீவு எடுக்கும், தேர்தல் எடுக்காது. இது அவருக்கும் மனைவி ஐவிக்கும் மட்டுமே தெரியும். வெளியே தெரிந்தால் அவர் வெறும் பென்ஷன்காரர்.

"பேசாம வீட்டுல டீ குடிங்க," என்றாள் ஐவி.

"இது கொள்கைப் பிரச்சினை."

"கண்ணாடிக் கூட்டுக்கு என்னங்க கொள்கை?"

கொர்னேலியஸ் வட்டாரத்து லைசென்ஸ்காரர்களைக் கூட்டினார். அவரோடு சேர்த்து ஆறு பேர், ஆறு புடைப்பு. மேற்படி கடையை அறவழியில் புறக்கணிப்பதென ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அப்போதுதான் ரகுநாதன் கேட்டார்: "நாம துப்பாக்கியை வெளிய காட்டுறதே இல்லை. அதுக்காகத்தான் வரலைன்னு சலீமுக்கு எப்படித் தெரியும்?"

நியாயம்தான். ஆகவே தினமும் மாலை கடைக்குள் போய் உட்கார்ந்து புறக்கணிப்பது என்று தீர்மானம் திருத்தப்பட்டது.

"சாப், டீ சொல்லட்டுமா?" என்றார் சலீம்.

"நக்கோ, வேணாம். நாங்க இந்தக் கடைக்கு வர்றதில்லை," என்றார் கொர்னேலியஸ், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தபடி.

"ஹவ், ஆமா, தெரியுது. வராதவங்க கொஞ்சம் தள்ளி உக்காந்தா, வந்தவங்களுக்கு இடம் கிடைக்கும்."

வாரக் கடைசியில் சலீம் பொறுமையிழந்து போலீசைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் ஸ்ரீகாந்த் வந்தார்.

"இடுப்புல இருக்கிறதை மேசைமேல வைங்க."

கொர்னேலியஸ் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "பொது இடத்துல ஆயுதத்தைக் காட்டக் கூடாதுன்னு லைசென்ஸ்லயே இருக்கு சார்."

"பரவாயில்லை, நான் பாக்கலாம்."

மானம் போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டு கூட்டை எடுத்து வைத்தார். கண்ணைத் திறந்து பார்த்தால், பக்கத்தில் ரகுநாதனின் இன்சுலின் பை. அதற்கடுத்து சக்ரபாணியின் வெற்றிலைப் பெட்டி. மற்ற மூவர் வைத்தது இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரு மடக்குக் குடையும். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"துப்பாக்கியெல்லாம் எங்கே சாப்?" என்றார் சலீம்.

ஆறு விரல்களும் இன்ஸ்பெக்டரைக் காட்டின. "இவர் ஸ்டேஷன்ல."

"தேர்தல் முடியட்டும்," என்றார் இன்ஸ்பெக்டர் கடமையுணர்வோடு.

இனி இழக்க ஒன்றுமில்லாத கொர்னேலியஸுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "உங்க உறையில இருக்கிறதையும் வைங்க சார்."

இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாக உறையைத் திறந்தார். மொபைலுக்கு சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க். "உங்க துப்பாக்கிகளை அடுக்கி அடுக்கி ஆயுத அறைக் கதவே திறக்க மாட்டேங்குது. எங்களோடது அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு," என்றார்.

துப்பாக்கி இருக்குமோ என்று இதுவரை பயந்தவர்கள், இல்லையே என்று பயப்பட ஆரம்பித்தார்கள்.

"இது வெளிய தெரிஞ்சா என் கடையை யார் காப்பாத்துவா?" என்றாள் மூலை மேசையில் இருந்த நகைக்கடைக் காஞ்சனா. கொர்னேலியஸ் எழுந்து, இனி எதற்கென்று பலகையைக் கழற்றப்போன சலீமின் கையைப் பிடித்தார்.

"பலகை இருக்கட்டும். கொண்டுவராதீங்கன்னு எழுதியிருந்தாத்தான், கொண்டுவர ஆள் இருக்குன்னு ஊர் நம்பும்."

இப்போது அந்த வட்டாரத்தில் பலகை இல்லாத வாசல் கிடையாது. மூன்று மொழியில், கொட்டை எழுத்தில். காவல் நிலையம் மட்டும் சில நாள் தயங்கியது. பிறகு, பாதுகாப்பைக் கருதி, எல்லாரையும்விடப் பெரிதாக ஒன்றை மாட்டிக்கொண்டது.