ஏழாம் பெட்டிமேல் ஏறிய கேக்

கேக்கின் கடைசித் துண்டை ஆறாவது ஆள் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தபோதுதான், தட்டு எங்கே இருக்கிறது என்பது சிக்னேயின் கண்ணில் பட்டது. அது மேசைமேல் இல்லை. ஏழாம் நம்பர் போல்ட் பெட்டியின் மேல் இருந்தது. வைத்தவள் அவளேதான்.

அந்த ஊரில் கடைசித் துண்டை முழுசாக எடுக்க யாருக்கும் துணிச்சல் வராது. ஒருவர் பாதி வெட்டுவார். அடுத்தவர் மீதியில் பாதி வெட்டுவார். முடிவில் நகக்கண் அளவு மிஞ்சி, அது தட்டிலேயே காயும். ஆனால் அன்று சிக்னே தட்டைப் பார்த்து ஓடியது அதனால் இல்லை. ஏழாம் பெட்டிக்கு அடியில் தராசு இருந்தது.

ஸ்மோலாண்டில் உள்ள அந்தத் தொழிற்சாலையில் இருபத்தாறு பேர் சேர்ந்து ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்கிறார்கள். போன குளிர்காலத்தில் நட்டு தீர்ந்துபோய், இருபத்தாறு பேரும் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதன் பிறகு, ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சிக்னேதான் முதலாளி ஹோக்கனிடம் மல்லுக்கட்டி இந்தத் தராசுகளை வரவழைத்தாள். பெட்டி லேசானால் தராசு தானாகவே போல்ட் கம்பெனிக்குச் செய்தி அனுப்பும். அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் தானாகவே சரக்கு அனுப்பும். ஃபோன் வேண்டாம், சீட்டு வேண்டாம்.

ஹோக்கன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். முப்பது நாள் சோதனை. தராசுகளின் கணக்கு நம்பத் தகுந்தது என்று போல்ட் கம்பெனி கடிதம் தந்தால் ஸ்டோரும் சிக்னேயும் அப்படியே இருக்கலாம். தராவிட்டால் ஸ்டோரைப் பூட்டிவிட்டு, எல்லாச் சாமானும் யோன்ஷோப்பிங் நகரத்துப் பெரிய கிடங்கிலிருந்து வரும். சிக்னே வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

பத்தொன்பது நாளாக ஒரு கையுறையைக்கூடத் தராசுப் பக்கம் அண்ட விடவில்லை அவள். இருபதாம் நாள் ஃபோர்மேன் தூரேக்கு அறுபதாவது பிறந்தநாள். மேசை முழுக்கக் கோப்பைகள். இரண்டு கையிலும் கேக். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு ஓடினாள்.

"தராசுமேல பேனா வைக்கப் போனதுக்கே என்கூட மூணு நாள் பேசாம இருந்தவ நீ," என்றார் தூரே, மீசையில் கிரீமோடு.

"பேசாம தின்னுய்யா. இல்ல, தின்னாத. தின்னா எடை இன்னும் குறையும்."

தராசின் திரையைப் பார்த்தாள். கேக்கின் நான்கு கிலோ எப்படி வந்தது என்று கம்ப்யூட்டர் கேட்கவில்லை. அது குறைந்துபோன வேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. 'ஒரு நாளுக்கான போல்ட் கால் மணி நேரத்தில் தீர்ந்துள்ளது. உற்பத்தி பெருகியதற்கு வாழ்த்துகள். இருபது பெட்டி அனுப்பப்படும்.'

இருபது பெட்டி என்றால் ஓராண்டுக்குக் காணும். சிக்னே போல்ட் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். பதிவு செய்த குரல் ஒன்று, இனி ஃபோன் தேவையில்லை, தராசே எல்லாம் சொல்லிவிடும் என்று இனிமையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

தராசுதான் சொல்ல வேண்டும் என்றால் தராசையே சொல்ல வைப்போம் என்று, அலமாரியிலிருந்து அரைக் கிலோ காபிப் பொட்டலங்கள் எட்டை எடுத்து ஏழாம் பெட்டிமேல் அடுக்கினாள். போன நான்கு கிலோ திரும்பி வந்தாயிற்று.

திரை யோசித்தது. 'சரக்கில் குறை இருந்ததால் திருப்பி வைத்தீர்களா?' என்று கேட்டது. 'இல்லை' என்று அழுத்தினாள். அவள் நேர்மையானவள். 'அப்படியானால் வேறு கம்பெனியிடம் வாங்கியிருக்கிறீர்கள். உங்களை இழக்க விரும்பவில்லை. ஐந்து சதவீதத் தள்ளுபடியுடன் நாற்பது பெட்டி அனுப்பப்படும்.'

தூரே எட்டிப் பார்த்துவிட்டு, வயரைப் பிடுங்கிவிடலாம் என்றார். அது கணக்கில் ஓட்டையாகத் தெரியும் என்றாள் சிக்னே. சரி, மணிக்கு ஒரு பொட்டலமாக எடுத்தால் யாரோ நிதானமாகப் போல்ட் எடுப்பதுபோல இருக்குமே என்றார் அவர். அது நல்ல யோசனையாகப் பட்டது. இரண்டு மணிவரை மூன்று பொட்டலம் எடுத்து மேசைக்குள் வைத்தார்கள். திரையும் சத்தம் காட்டவில்லை.

இரண்டரைக்கு மறுபடியும் காபி வேளை. சமையலறையில் காபித்தூள் தீர்ந்திருந்தது. அலமாரியும் காலி. வெல்டிங் ஆட்கள் தேடிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார்கள். மிச்சமிருந்த ஐந்து பொட்டலத்தையும் பார்த்தார்கள். நன்றி சொல்லிவிட்டு எடுத்துப் போனார்கள்.

'அறுபது பெட்டி,' என்றது திரை. அதன்கீழ் இன்னொரு வரி: 'எங்கள் ஆள் நாளைக் காலை எட்டு மணிக்கு நேரில் வருகிறார். நகல்: ஹோக்கன்.'

மறுநாள் எட்டடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு சின்ன வேன் வந்து நின்றது. இறங்கியவன் பெயர் எலோஃப். முப்பது வயது இருக்கும். கையில் திருப்புளிப் பெட்டி. ஹோக்கன் ஏற்கெனவே ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

சிக்னே ஒளிக்கவில்லை. கேக், ஃபோன், காபி, வெல்டிங் ஆட்கள் என்று எல்லாவற்றையும் நேரம் தவறாமல் வரிசையாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஸ்டோர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தராசுமேல தப்பில்ல ஹோக்கன். நான்தான் வச்சேன். என்னை அனுப்பிடு. தராசை அனுப்பிடாத. அது இருந்தா இனிமே இங்க யாரும் நட்டு இல்லாம நிக்க மாட்டாங்க."

ஹோக்கன் "ம்ம்" என்றார். அவரிடம் அது நீளமான பேச்சு.

எலோஃப் கையிலிருந்த திரையில் எதையோ தட்டினான், அறுபது பூஜ்யமானது. இவ்வளவு பெரிய ஆர்டர் என்றால் ஆள் பார்க்காமல் வண்டி கிளம்பாது என்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து ஹோக்கனிடம் நீட்டினான்.

ஹோக்கன் அதை இரண்டு தடவை படித்தார். கணக்கு நம்பத் தகுந்தது, தராசுகள் நிரந்தரமாக இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. தேதி நேற்றையது. சாவியைச் சிக்னே பக்கமாகத் தள்ளிவிட்டு அவர் எலோஃபைப் பார்த்தார்.

"கேக்கு, காபி எல்லாம் ஏறி இறங்குன பிறகுமா இதை எழுதுனாங்க?"

"அது ஏறுனதாலதான்," என்றான் எலோஃப். "நூத்தி நாப்பது ஃபாக்டரில வச்சிருக்கோம், எல்லா இடத்துலயும் முதல் நாள் ஒம்பதரைக்கே கேக் ஏறிடுச்சு, இங்க மட்டும் பத்தொம்பது நாளா சுத்தமா இருக்கவும், யாரோ உக்காந்து பொய்க்கணக்கு அனுப்புறாங்கன்னு, நேத்துக் காலையிலதான் தராசைக் கழட்டிட்டு வரச் சொல்லி என்கிட்ட திருப்புளியைக் குடுத்தாங்க."