தலா இரண்டு கிலோ

ஐம்பத்தாறு வயதுவரை வீட்டுக்குள் நித்திரை கொண்டது போதும் என்று முடிவெடுக்க ஒரு மனிதனுக்குப் பூரண உரிமை உண்டு. என் அப்பா குணரத்தினம் அந்த உரிமையைச் சென்ற வைகாசியில் பிரயோகித்தார்.

மொன்றியலுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கிற லவாலில் அந்த வருஷம் பரவிய வருத்தத்தின் பெயர் காம்பிங். அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே படுத்து எழும்பி, கடல் கடந்து வந்து, முப்பது வருஷம் உழைத்து வீடு வாங்கிய சனம், இப்போது காசு கட்டித் தறப்பாளுக்குக் கீழே படுக்கப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சவிரிமுத்து மாமா கூடாரம் வாங்கினார். அப்பா அவரைவிட ஒரு படி மேலே போகவேண்டியவர். ஆகவே பிக்கப் வண்டியின் பின்தட்டில் அப்படியே சறுக்கி ஏற்றுகிற காம்பர் ஒன்றை வாங்கினார். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கக்கூஸ் எல்லாம் உள்ள பெட்டி அது. சில்லு மட்டும் இல்லை.

கன்னிப் பயணம் றொறன்ரோவுக்கு. அப்பாவின் தங்கச்சி மகளுக்கு ஆனியில் கலியாணம். அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் போவதாக ஏற்பாடு.

நான் பொறியியல் படிக்கிறவள். அதைவிடப் பெரிய குற்றம், பிக்கப்பின் சாரதி பக்கக் கதவைத் திறந்து அங்கே ஒட்டியிருந்த ஸ்ரிக்கரை வாசித்தது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எழுநூற்று நாற்பது கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் இருந்தது. காம்பரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். தண்ணீரும் காஸும் நிரப்பாத வெறும் பெட்டி மட்டும் ஆயிரம் கிலோ.

"அப்பா, இது சரிவராது."

"இந்த வண்டி நாலாயிரம் கிலோ இழுக்கும் எண்டு வித்தவன் சொன்னவன்."

"இழுக்கிறது வேற, சுமக்கிறது வேற அப்பா. மாடு வண்டிலில ஒரு தொன் இழுக்கும். அந்த ஒரு தொன்னை மாட்டின்ரை முதுகில ஏத்திப் பாருங்கோவன்."

"நீ எப்ப மாடு பாத்தனி?"

எங்கள் வீட்டில் விவாதங்கள் இப்படித்தான் முடிவடையும்.

"பிரேக் பிடிக்காது, ரயர் வெடிக்கும், வளைவில ஒரு பக்கமாச் சாயும். அம்மாவும் அதுக்குள்ளதான் இருப்பா" என்றேன். அம்மா புஷ்பவதி சீலை மடித்துக்கொண்டிருந்தா. "என்னைச் சாட்டாதை பிள்ளை" என்றா.

மகளின் வாயை நம்பாத தகப்பன் முத்திரை குத்திய கடதாசியை நம்புவார். அந்தத் துணிவில் வாகனங்களுக்குப் பொறுப்பான அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். இலக்கம் எடுத்து, இரண்டரை மணித்தியாலம் குந்தியிருந்து, பொன்ஜூர் சொல்லி, பிரெஞ்சில் என் முறைப்பாட்டைச் சமர்ப்பித்தேன்.

"இது வாகனமா?" என்று அலுவலர் கேட்டார்.

"இல்லை."

"பின்னால் இழுக்கும் வண்டியா?"

"சில்லு இல்லையே."

"அப்படியானால் இது பயணப்பொதி."

"ஆயிரம் கிலோப் பொதி, மிஸ்யூ!"

"பொதியின் பாரத்தை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை." படிவத்தைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான், இல்லை.

"அதற்குள் கக்கூஸ் இருக்கிறது."

"கக்கூஸ் உள்ள பயணப்பொதி" என்று திருத்தி எழுதினார்.

"வண்டி உருண்டால்?"

"உருண்டால் அது விபத்து. அதற்குப் படிவம் உண்டு." அன்று அவர் முகம் மலர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

இதையெல்லாம் எழுத்தில் தாருங்கள் என்று நான் சண்டை பிடித்தேன். எழுதித் தந்தார்: 'மேற்படி பொதியை ஏற்றிச் செல்வதற்கு இவ்வலுவலகத்தின் அனுமதி தேவையில்லை.' கீழே வட்ட முத்திரை.

அப்பா அந்தக் கடிதத்தை லமினேற் செய்து முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். "பாத்தியே? அரசாங்கமே எழுதிக் குடுத்திட்டுது. நல்ல வேலை செய்தாய், மகள்."

எனக்கு மிஞ்சியிருந்த கடைசி நீதிமன்றம், எங்கள் ஊர்ச் சனம் இங்கே சேர்ந்து நடத்துகிற ஒன்றியம். தலைவர் கணேசலிங்கம் அங்கிள், நன்றியுரையையே நாற்பது நிமிடம் ஆற்றக்கூடியவர். என் கடிதத்தைக் கண்டதும் அவசர பொதுக்கூட்டம் கூட்டினார். நான் எழும்பி, பாரம், பிரேக், வளைவு எல்லாவற்றையும் விளக்கினேன். சபை மிக உன்னிப்பாகக் கேட்டது. ஆனால் அது கேட்டது ஒன்றே ஒன்றைத்தான்: றொறன்ரோவுக்கு ஒரு பெரிய வண்டி போகிறது.

மொன்றியலில் இருந்து றொறன்ரோ போகும் எந்தத் தமிழனும் தன் சாமானோடு மட்டும் போனதாகச் சரித்திரம் இல்லை. மாமிக்குப் பலகாரம், மச்சாளுக்குச் சீலை, யாரோ ஒருவரின் அக்காவுக்கு மருந்து. மறுத்தவர்களின் வீட்டுச் சாவுக்கும் சனம் வராது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி சாருஜா எழுப்பிய கவலை மிகவும் நியாயமானது. பாரம் கூடக்கூடாது. ஆகவே குடும்பத்துக்கு ஒரு பொதி, தலா இரண்டு கிலோவுக்கு மேற்படாதவாறு அனுப்பலாம் என இச்சபை தீர்மானிக்கிறது."

இமெல்டா அன்ரி கையை உயர்த்தினா. "தலைவர், ஆட்டுக்கல்லும் பொதிதானே?"

"இரண்டு கிலோ எண்டு எழுதியிருந்தால் பொதிதான்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நான் எதிர்த்துக் கையுயர்த்தியது, வழிமொழிந்ததாகக் கூட்ட அறிக்கையில் பதியப்பட்டது.

ஒன்றியத்தில் அறுபத்துமூன்று குடும்பங்கள். அடுத்த கிழமை முழுக்க எங்கள் வீட்டு மணி ஓயவில்லை. ஆட்டுக்கல் வந்தது, மேலே கறுப்பு மையில் '2 கிலோ'. தையல் மெசின் வந்தது, '2 கிலோ'. ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய மூன்று பெட்டி தக்காளி ஒன்றாகக் கட்டி வந்தது, '2 கிலோ'. "போற வண்டிதானே அண்ணை" என்றார்கள் எல்லாரும். அப்பா ஒன்றையும் தூக்கிப் பார்க்கவில்லை. எழுதியிருப்பதை வாசித்தார், உள்ளே வைத்தார். கோயிலில் ஐயர் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்துப் பூசை செய்தார். நாலு தேசிக்காயும் தோல்வரை கடதாசியாகத் தட்டையாகின. நல்ல சகுனம் என்றார் ஐயர்.

வெளிக்கிடும் சனிக்கிழமை காலை வாசலில் நின்று மறித்தேன். "ஒரேயொரு தரம் நிறுத்துப் பாப்பம். துறைமுகப் பக்கம் லொறி நிறுக்கிற இடம் இருக்கு."

"நிறுத்தால் வாயை மூடுவியோ?"

"மூடுவன்."

தராசுக்காரன் பெயர் பற்றிக். எங்களை மூன்று பேரையும் உள்ளே இருத்தியபடியே நிறுத்தான். நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து கிலோ. வண்டிக்கு உச்ச அளவு மூவாயிரத்துத் தொண்ணூறு.

"உள்ளே என்ன இருக்கிறது?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

"சின்னச் சின்னப் பொதி. எல்லாம் ரெண்டு கிலோ" என்றார் அப்பா, பெருமையாக.

பற்றிக் தையல் மெசினை இறக்கிச் சின்னத் தராசில் வைத்தான். பதினெட்டு. அடுத்து ஆட்டுக்கல். முப்பத்தொன்று. "உங்கள் நாட்டில் கிலோ வேறா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

அப்பா முதல் தடவையாக வியர்த்தார். தலைவருக்குப் போன் அடித்தார். தலைவர் வட்ஸ்அப் குழுவில் போட்டார். யாருடைய பொதியை இறக்குவது? ஐந்து நிமிடத்தில் அறுபது பதில்கள் வந்தன, எல்லாம் ஒரே பதில்: 'என்ரை ரெண்டு கிலோதானே அண்ணை. மற்றவையின்ரையை இறக்குங்கோ.'

"வெக்கம் கெட்ட சனம்!" என்று நான் கத்தினேன். "ஒருத்தருக்கும் மனச்சாட்சி இல்லையே? அம்மா இருக்கிற வண்டியப்பா இது!"

அந்த நேரம் பார்த்துப் பற்றிக் ஆகப் பெரிய பெட்டியை முக்கி முக்கி இழுத்து வந்தான். முப்பத்துநாலு கிலோ. மேலே மிக நேர்த்தியான எழுத்து: 'மச்சான் டினோஜனுக்கு. 2 கிலோ. சாருஜா.' டினோஜன் புரட்டாதியில் பொறியியல் தொடங்குகிறான். உள்ளே என் பழைய பாடப்புத்தகங்கள். பாரங்களும் சமநிலையும், பாகம் ஒன்றிலிருந்து.

அப்பா அதை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"அப்பா, அது... போற வண்டிதானே எண்டு..."

பிறகு நடந்தது சுருக்கமானது. காம்பரை அதன் நாலு உயர்த்திக் கால்களில் நிறுத்திப் பற்றிக்கின் முற்றத்தில் விட்டோம். பொதிகளை வெறும் தட்டில் அடுக்கித் தறப்பாள் போட்டோம். பற்றிக் திரும்ப நிறுத்தான். பொதிகள் அறுநூற்று நாற்பது, நாங்கள் மூன்று பேரும் இருநூற்றுப் பத்து. இன்னும் நூற்றுப்பத்து கிலோ கூட.

தொலைபேசியில் தலைவர் கறாராகச் சொன்னார்: "பொதிகள் பொதுச்சொத்து, அண்ணை. ஒண்டையும் இறக்க ஏலாது. ஒன்றியத்தின்ரை தீர்மானம்."

எல்லாரும் யோசித்தார்கள். கணக்கை முதலில் போட்டது நான்தான், படித்தவள் அல்லவா? "அம்மா அறுபது, நான் அம்பது" என்றேன். "சரியா நூற்றுப்பத்து."

என் வாழ்நாளில் அப்பா ஏற்றுக்கொண்ட முதல் வாதம் அது.

பொதிகள் அன்று பின்னேரம் பத்திரமாக றொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் போய்ச் சேர்ந்தன, என் பெட்டி உட்பட. அம்மாவும் நானும் பஸ் நிலையத்தில் வரிசையில் நின்றோம். சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு தமிழ் அன்ரி தோளில் தட்டினா.

"பிள்ளை, றொறன்ரோவோ போறியள்? என்ரை தங்கச்சி வந்து எடுப்பா. சின்னப் பொதி ஒண்டு."

"எவ்வளவு பாரம் அன்ரி?"

"ரெண்டு கிலோ."

நான் வாய் திறக்குமுன் அம்மா இரண்டு கையாலும் அதை வாங்கினா. வாங்கிய வேகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தா.

"பிடி பிள்ளை" என்றா மூச்சு வாங்க. "போற பஸ்தானே."