அம்மாளும் நான்கு நத்தார் சந்தைகளும்

"அடுத்த கிழமை எங்கையாவது போறியளோ தம்பி?"

ஜெர்மனியிலிருந்து அக்கா குணேஸ்வரி தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது, பேரின்பநாதனின் கையில் இருந்தது ஜெர்மனிக்கான ரயில் பயணச்சீட்டுதான்.

"இல்லை அக்கா. வீட்டைதான் நிப்பம்."

சொன்ன கையோடு சீட்டுகளைச் சோபா மெத்தைக்கு அடியில் செருகினார். அக்கா தொலைபேசிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாலும் பார்ப்பாள் என்று அவருக்கு எப்போதும் ஒரு பயம்.

வெள்ளிக்கிழமை பயணம். ஸ்ட்ராஸ்பூர், நியூரம்பேர்க், சால்ஸ்பேர்க், வியன்னா. ஐந்து நாள், நான்கு பழைய நகரங்கள், கிறிஸ்துமஸுக்குக் கூடும் நான்கு நத்தார் சந்தைகள், எல்லாம் ரயிலில். கனடாவில், மொன்றியலின் வில்லரேயில் குடியேறிய இருபத்திரண்டு வருடத்தில் மனைவி தாட்சாயினி ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பயணம். ஒரே சிக்கல், ரயில் அக்கா இருக்கும் ஸ்டுட்கார்ட்டில் பன்னிரண்டு நிமிடம் நிற்கும்.

அக்காவுக்குத் தெரிந்தால் கதை முடிந்தது. முன்பொரு முறை ஐரோப்பா போய்ப் பதினொரு நாளில் பதினான்கு சொந்தக்கார வீடுகளில் விருந்து உண்டார்கள். ஈஃபில் கோபுரத்தை யாரோ ஒரு மருமகனின் கலியாண வீடியோவில்தான் பார்த்தார்கள். இந்த முறை தாட்சாயினி தீர்த்துச் சொல்லியிருந்தாள்.

"இந்த முறையும் என்னை ஐரோப்பாவிலை புட்டுச் சாப்பிட வைச்சியளெண்டால் நான் அங்கையே நிண்டிடுவன். நீங்கள் தனியத் திரும்பி வாங்கோ."

அவள் சொன்னால் செய்வாள்.

வீட்டில்தான் நிற்கிறீர்கள் என்றால் தினமும் வீடியோவில் கதைக்கலாமே என்றாள் அக்கா. பேரின்பநாதன் வாயில் வந்ததைச் சொன்னார்.

"வீடியோ வேண்டாம் அக்கா. எனக்கு அம்மாள் வந்திட்டா."

அம்மாள் என்றால் சின்னம்மை. அம்மாள் வந்த வீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள், அங்கிருந்து ஒருவரும் வெளியே போகமாட்டார்கள். ஐம்பத்து நான்கு வயதில் இப்படியொரு பொய் வாய்த்ததை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

அக்கா கேட்டாள். "எத்தினை நாளைக்கு வெளிக்கிடேலாது?"

"பத்து நாள்."

"தாட்சாயினியும் வெளியிலை போகக் கூடாது, என்ன?"

அவளும் போகமாட்டாள் என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

மறுநாளே ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி சண்முகலிங்கம் வந்து நின்றான். அக்கா தகவல் சொல்லியிருந்தாள். மொன்றியல் முழுக்கத் தேடி, யாரோ சாடியில் வளர்த்த வேப்பங்கன்றை மொட்டையடித்துக் கொண்டுவந்திருந்தான். வேப்பிலையை வாசலில் செருகிவிட்டு, உள்ளே வராமல் பனிக்குள் நின்றபடி, அண்ணையின் முகத்தை ஜன்னலில் ஒருதரம் காட்டச் சொன்னான்.

தாட்சாயினி யோசிக்கவேயில்லை. இரண்டு பைக்கற் ஒட்டுப்பொட்டையும் கணவனின் முகத்தில் ஒட்டினாள். சாதாரணப் பொட்டு முடிந்துபோனதால் நெற்றிக்குக் கல் வைத்த பொட்டு. சண்முகலிங்கம் அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான். நெற்றியில் ஏதோ மினுங்குகிறதே என்று சூரிச்சிலிருந்து ஒரு மாமா கேட்டார். பழுத்துவிட்டது என்று தாட்சாயினி பதில் எழுதினாள்.

இனித் தினமும் வந்து ஜன்னலில் பார்ப்பேன் என்று சண்முகலிங்கம் சொல்லிவிட்டுப் போனான். அதைத் தடுக்கத் தாட்சாயினி தனக்கும் வந்துவிட்டதாக அறிவித்தாள். இருவருக்கும் வெளிச்சம் கூடாது, திரைச்சீலை திறக்க முடியாது. அப்படியானால் யார் சமைப்பது என்று பதறிய சண்முகலிங்கம் ஆறு குடும்பங்களை முறைவைத்து, வெள்ளிக்கிழமையிலிருந்து வாசலில் சாப்பாடு வைக்க ஏற்பாடு செய்தான். சாப்பாடு எடுபடாமல் கிடந்தால் பொலிஸைக் கூப்பிட்டுக் கதவை உடைப்பதாகவும் முடிவாகியிருந்தது.

வேறு வழியில்லை. வெள்ளி காலை பேரின்பநாதன் குழுவில் எழுதினார். இருவரையும் ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள், பார்க்க விடமாட்டார்கள், கதவை உடைக்க வேண்டாம்.

ஐரோப்பா முழுக்க அழுதது. அக்கா மட்டும் அழவில்லை. தனியாக அவளுக்கு அனுப்பிய செய்தியும் போய்ச் சேரவில்லை. தொலைபேசியை எடுக்கவுமில்லை. நாளுக்கு நாற்பது தடவை எழுதுகிறவள்.

"அக்கா பிளேன் ஏறிட்டா," என்றார் பேரின்பநாதன். தாய் செத்த பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவளை இப்படி அலைய வைத்துவிட்டோமே என்று புலம்பினார். தாட்சாயினி பெட்டியை இழுத்துக்கொண்டு விமான நிலைய பஸ்ஸில் ஏறினாள். அவரும் பின்னால் ஏறினார்.

பஸ் வருகை வாசலில் இறக்கிவிட்டது. கண்ணாடிக் கதவு திறந்தது. குளிர்த் தொப்பியும் புதுச் சப்பாத்துமாக அக்கா வெளியே வந்தாள். பக்கத்தில் அவள் கணவர் ஞானேந்திரன். அக்கா அருகில் இருந்தால் வாயே திறக்காத மனிதர்.

அக்கா அவர்களைக் கண்டாள். அப்படியே நின்றாள். தாட்சாயினி பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான்கு சந்தைகளும் போயின என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

பேரின்பநாதன் ஓடிப்போய் அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அம்மாளும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, எல்லாம் பொய், உங்கள் ஊர் வழியாகவே உங்களுக்கு ஒளித்துப் போகப் பார்த்தோம் என்று அழுது கொட்டினார்.

"எங்களைப் பாக்கவெண்டு இவ்வளவு தூரம் வந்திட்டியளே அக்கா. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அக்கா திட்டவில்லை. அடிக்கவுமில்லை. முகம் வெளுத்துப்போய்க் கணவரைப் பார்த்தாள். ஞானேந்திரன் ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"மச்சான், நீங்கள் ரெண்டு பேரும் பத்து நாளைக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடமாட்டியள் எண்ட நம்பிக்கையிலைதான், நாங்கள் இங்கையிருந்து கியூபெக் நத்தார் சந்தைக்கு றெயில் ரிக்கெற் எடுத்தனாங்கள்."