நீலத்தை அணைப்பதா, பச்சையை எடுப்பதா?

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை. தினமும் காலையில் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இந்த மனுஷன் எதற்குத் தாளில் எழுதித் தபாலில் போடுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. போனும் கம்ப்யூட்டரும் ஒரே இணைப்பில்தான் தொங்குகின்றன. நான் எழுதப்போகும் விஷயம் கம்ப்யூட்டரின் காதில் விழக் கூடாது. இதைக்கூட சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் என் பிறந்தநாளுக்கு நீங்கள் அந்த ஆன்டிவைரஸை வாங்கி வந்து, உங்கள் கையாலேயே போட்டுக் கொடுத்தீர்கள். காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பவர் மாமனாருக்குப் பாதுகாப்பையே பரிசாகக் கொடுத்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. திரையின் மூலையில் ஏற்கெனவே ஒரு சின்ன நீலக் கேடயம் உண்டு. அது கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது, ஸ்பைவேர் என்கிறார்களே, அந்த உளவு பார்க்கும் சரக்கைப் பிடிப்பதற்கு. அதன் பக்கத்தில் உங்களுடைய பச்சைக் கேடயம் வந்து உட்கார்ந்தது. "மாமா, ரெண்டும் ஒண்ணா ஓடினா ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு நிக்கும். நீலத்தை அணைச்சிடுங்க" என்றீர்கள். அப்போது என் மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "கூட வந்ததே போதும்ப்பா. இதெல்லாம் விவரம் தெரியாதவங்க வாங்கறது" என்றான். மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருக்கிறான், வாய் கொஞ்சம் நீளம். நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். அவன் காபி குடிக்காமலே எழுந்து போனான். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகளின் பிறந்தநாள். இருவரையும் கூப்பிட்டிருக்கிறோம். அவன் "பாக்கலாம்" என்கிறான். நீங்கள் "வேலை எப்படி இருக்குனு பாக்கணும் மாமா" என்கிறீர்கள். கம்ப்யூட்டர் எக்கேடு கெட்டாலும் எனக்குக் கவலையில்லை மாப்பிள்ளை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பச்சையை எடுத்தால் நீங்கள் வருத்தப்படுவீர்கள், நீலத்தை அணைத்தால் அவன் வருத்தப்படுவான். மூன்று வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் நாற்பது வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து கொடுத்தவன். ஒரே நோய்க்கு இரண்டு மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று தெரியும். இரண்டு நோய்க்கு ஒரு மாத்திரை போதாது என்றும் தெரியும். இங்கே நோய் ஒன்றா இரண்டா என்பதே தெரியவில்லையே. மேல் வீட்டு இயற்பியல் ஆசிரியையிடம் கேட்டேன். "வைரஸ் வேற, ஸ்பைவேர் வேற சார். ஒண்ணு உடைக்க வர்றது, ஒண்ணு ஒட்டுக் கேக்க வர்றது. ரெண்டு காவலும் இருக்கட்டும்" என்றார். தெளிவாகத்தான் இருந்தது. அதே தெளிவோடு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வழியில் நகல் எடுக்கும் கடைக்காரரிடமும் கேட்டுத் தொலைத்தேன். "இப்ப வர்றதெல்லாம் ரெண்டையும் பிடிக்கும் சார்" என்றார். எது, நீலமா பச்சையா என்றேன். "நீலமும் ரெண்டையும் பிடிக்கும், பச்சையும் ரெண்டையும் பிடிக்கும்" என்றார். அப்படியானால் இரண்டும் வேண்டுமா என்றேன். "எதுக்கு? ஒண்ணு போதும்." எது? "அது உங்க இஷ்டம்." என் இஷ்டப்படி நடக்கிற வீடாக இருந்தால் நான் ஏன் கடைக்காரரிடம் போய் நிற்கிறேன்.

கடைசியில் நீங்கள் சொன்னபடியே செய்வது என்று முடிவெடுத்து, ஒரு காலை எட்டு மணிக்கு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நீலத்தை அணைத்தேன். நீங்களும் போனில், "மாமா, அணைச்சிட்டீங்களா?" என்றீர்கள். "ஆச்சு மாப்பிள்ளை" என்றேன். நிம்மதியாகப் பேப்பர் படித்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பார்க்கிறேன், நீலம் பளிச்சென்று எரிகிறது. பச்சைக்கு மேலே ஒரு ஆச்சரியக்குறி, தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம். மறுநாள் காலையில் மறுபடி நீலத்தை அணைத்து, பச்சையை எழுப்பி, "ஆச்சு மாப்பிள்ளை" என்றேன். சாயங்காலம் மறுபடி தலைகீழ். நான்கு நாள் இதே கதை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். நான் தொடவில்லை. உங்கள் அத்தை மத்தியானம் மூன்று மணிக்கு, தான் தைக்கும் நர்ஸ் சீருடைகளின் அளவுகளை ஏற்ற கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள், அவ்வளவுதான். அவளுக்கு அந்தக் கேடயம் என்றால் என்ன என்றுகூடத் தெரியாது. ஆக, உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

சந்தேகம் வந்துவிட்டால் பதிவேடு போடுவதுதான் எங்கள் தொழிலில் முறை. போன வருடம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது சொட்டு மருந்துக்காக ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தேனே, தேதி, நேரம், கையெழுத்து என்று கட்டம் போட்ட தாள், அதையே இன்னொரு நகல் எடுத்துக் கம்ப்யூட்டர் பக்கத்தில் தொங்கவிட்டேன். மருந்தகத்தில் ஆபத்தான மருந்து அலமாரியைத் திறந்தால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஒருவர் பொய் சொல்லலாம், இருவர் சேர்ந்து சொல்வது கஷ்டம். அதனால் காலையில் "நீலம் ஆஃப்" என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலக் கட்டத்துக்கு உங்கள் அத்தையைச் சாட்சியாக வைத்தேன். மனுஷி ஒரு நாள்கூடத் தவறவில்லை. "நீலம் ஆன்" என்று முத்து முத்தாக எழுதி, கீழே கையெழுத்து. ஒன்பது நாள், ஒன்பது கையெழுத்து. இவ்வளவு பொறுப்பான சாட்சி எனக்கு மருந்தகத்தில்கூடக் கிடைத்ததில்லை.

ஒட்டுக் கேட்கிறவன் பார்க்கவும் செய்வான் அல்லவா, அதனால் கேமரா மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை ஒட்டினேன். புதன்கிழமை என் மகள் வீடியோவில் கூப்பிட்டபோது அவளுக்கு இருட்டு மட்டும் தெரிந்திருக்கிறது. நான் வாயைப் பொத்திக்கொண்டு, "இங்கே பேச முடியாதும்மா, கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்று மெல்லச் சொன்னேன். அதற்குள் இணைப்பு அறுந்துபோயிற்று. அவள் பதறி அடித்துக்கொண்டு டாக்சி பிடித்து வந்து கதவைத் தட்டியதும், நான் யாரோ என்று பயந்து கதவைத் திறக்காமல் இருந்ததும், அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். அதில் என் தரப்பும் கொஞ்சம் இருக்கிறது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இதற்கு நடுவில் உங்கள் பச்சைக் கேடயம் ஒரு வேலை செய்தது. அத்தையின் அளவுக் கோப்பையே சந்தேகப்பட்டுத் தூக்கித் தனிமைப்படுத்தி வைத்துவிட்டது. இருபத்தெட்டு நர்ஸ்களின் தோளும் இடுப்பும் அதற்குள்ளே. "திருப்பி எடுக்கவா?" என்று திரை கேட்டது. நான் எடுக்கவில்லை. மருந்தகத்தில் சந்தேகத்தின் பேரில் தனி அலமாரிக்குப் போன மருந்தை, பரிசோதனைக் கூடத்துக் கடிதம் இல்லாமல் திரும்ப வைக்க எனக்குக் கை வராது. உங்கள் அத்தை என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மகனோடு கொஞ்ச நேரம் பேசினாள், பாவம், மனசு ஆறுவதற்காக இருக்கும். மறுநாள் பார்த்தால் கோப்பு பழைய இடத்திலேயே இருக்கிறது. நான் எடுக்கவில்லை, பச்சை தானாக விடாது. பிறகு யார்? அன்றைக்குத்தான் எனக்குப் பயம் நிஜமாகவே பிடித்துக்கொண்டது.

யோசித்து யோசித்து ஒரு இடத்துக்கு வந்திருக்கிறேன். எழுதவே கை கூசுகிறது. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீலம் மட்டும் இருந்த ஆறு வருடம் இந்த வீட்டில் இப்படி ஒரு கூத்து நடந்ததில்லை. பச்சை வந்த பிறகுதான் எல்லாம். காவலுக்கு வந்தவனே உளவாளியாக இருப்பானோ என்று ஒரு எண்ணம். பரிசு கொடுத்தவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, விற்றவன் உங்களையும் ஏமாற்றியிருப்பான். ஆனால் பச்சையை எடுத்துவிட்டால் என் மகன், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லுவான். நீங்கள் மறுபடி கரண்டியைக் கீழே வைப்பீர்கள். அதற்குப் பயந்து நீலத்தை அணைத்தே வைக்கலாம் என்றால் அது அணைய மாட்டேன் என்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் கம்ப்யூட்டரில் செய்தித்தாளைத் திறந்தால் நேற்றைய செய்திதான் வருகிறது, அவ்வளவு வேகம்.

ஆகவே, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நீலம் மட்டுமா, பச்சை மட்டுமா, இரண்டுமா, மூன்றில் ஒன்றைத் தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்பிவையுங்கள். நீங்கள் எழுதுவதே முடிவு. அதற்கு மேல் இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று நானே சொல்லிவிடுகிறேன். என் மகளிடம் அப்பாவுக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், நல்ல கம்ப்யூட்டரோடு, நீண்ட காலம் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்னால் ஒரு மரியாதைக்கு உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "உள்ளே யாரோ இருக்கிறார்கள்" என்ற இடத்தில் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "ஏங்க, நான்தானே தினமும் நீலத்தைப் போடறேன். பச்சையை நிறுத்தறதும் நான்தான். அன்னைக்கு அளவை வெளியில எடுத்ததும் நான்தான், பையன் போன்ல சொல்லச் சொல்ல. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். அதான் கையெழுத்துப் போட்டேனே" என்றாள். அது சாட்சிக் கையெழுத்து என்றேன். "சொட்டு மருந்து ஊத்தினவங்கதானே கையெழுத்துப் போடணும்னு சொன்னீங்க? ஊத்தினேன், போட்டேன். இதுலயும் செஞ்சேன், போட்டேன்" என்றாள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆகவே உங்கள் பச்சைக் கேடயத்தைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகக் கொள்ளவும். அது யோக்கியமானது.

என்னிடம் ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "முன்னாடி எல்லாம் அவன் மாசத்துக்கு ஒரு தடவைதான் போன் பண்ணுவான். இப்ப தினமும் மூணு மணிக்கு, 'அம்மா, நீலத்தைப் போட்டியா'னு கேக்கறான். அப்புறம் சாப்பிட்டியானு கேக்கறான். முதுகு வலி எப்படின்னு கேக்கறான். நான் எதுக்குங்க அதைக் கெடுத்துக்கணும்?" என்றாள். யோசித்துப் பார்த்தால் நீங்களும் என் பிறந்தநாளுக்கு முன்னால் தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டதில்லை.

அதனால் மேலே கேட்ட பதிலை அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் என் மகனும் கட்டாயம் வந்து, ஒரே மேஜையில் உட்கார்ந்து, நீலமா பச்சையா என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். முடிவு மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்கிறாள் அத்தை. அதுவரை காலையில் நான் அணைக்கிறேன், சாயங்காலம் அவள் போடுகிறாள். கையெழுத்து இரண்டு பேரும் போட்டுவிடுகிறோம்.