கப்பல்காரரும் ஒரு டீசல் காரும்

2025 பிப்ரவரி 12, புதன்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து பால் வாங்கி வைத்தேன். மாடித் தொட்டியில் தண்ணீர் அளவு பார்த்தேன். செடிகளுக்கு ஊற்றிவிட்டுக் குளித்தேன். மில்லுக்கு முதல் நாளே லீவு சொல்லியாயிற்று. இட்லி சாப்பிட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டேன். கப்பல்காரரின் காரில் ஏறுகிறவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும்.

ராஜபாளையத்தில் கார் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. காருக்கு வாழ்க்கைப்பட்டவர் எங்கள் கப்பல்காரர் ஒருவர்தான்.

அவருக்கும் கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தை நடத்தி, அதை மகன் கையில் கொடுத்துவிட்டு ஓய்வாக இருப்பவர். தொண்ணூற்றைந்தில் நீளமான ஜெர்மன் டீசல் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். கருநீல நிறம். எங்கள் தெருவுக்குள் அது முதல்முறை திரும்பியபோது, முன்பக்கம் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் பின்பக்கம் மெயின் ரோட்டிலேயே நின்றது என்று இன்றும் சொல்வார்கள். "என்னலே இது, கப்பல் கணக்கா வருது" என்றார் டீக்கடைக்காரர். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குள் ஒதுங்கிவிட்டது.

முப்பது வருடத்தில் அந்தக் காரில் ஒரு கீறல் விழுந்து நான் பார்த்ததில்லை. தினமும் காலையில் புது பேண்டேஜ் துணியால் துடைப்பார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய துணி. "என்ன அண்ணாச்சி, காயத்துக்குப் போடுத துணியாச்சே" என்று ஒருமுறை கேட்டேன்.

"காயம் வந்த பொறவு போடுதது ஊரு வழக்கம். வராம இருக்கப் போடுதது என் வழக்கம்" என்றார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி, எங்கள் மதினியின் குரல் வந்தது. "கேட்டுக்கோங்க தம்பி. எனக்கு முட்டு வலி வந்து ஆறு வருசமாச்சு. ஒரு முழம் துணி கெடைக்கல."

அந்தக் காரைக் கிளப்புவதே ஒரு பூஜை. சாவியைப் பாதி திருப்பினால் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். இன்ஜினுக்குள் சூடு ஏறி அது அணைந்த பிறகுதான் முழுசாகத் திருப்ப வேண்டும். ஜெர்மனிக் குளிருக்காகச் செய்த ஏற்பாடு. எங்கள் ஊர் வெயிலில் விளக்கு கண் சிமிட்டும் நேரத்தில் அணைந்துவிடும். கப்பல்காரர் அதற்குப் பிறகும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. தளவாய்புரத்திலிருந்து வந்திருந்த மதினியின் தம்பி ஒருநாள் அது தெரியாமல், "அத்தான், இந்த வருசம் மழை எப்படி?" என்று கேட்டுவிட்டார். கப்பல்காரர் சாவியை வெளியே எடுத்தார். காரை விட்டு இறங்கினார். மறுபடி ஏறினார்.

"இப்ப முதல்ல இருந்து" என்றார்.

காருக்குள் எதுவும் சாப்பிடக் கூடாது என்பதும் சட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால் கடை வாசலிலேயே நின்று தின்று தீர்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் பஸ்ஸில் ஒரு ஆளை அனுப்புவார். அந்த ஆளாக நான் பலமுறை போயிருக்கிறேன். மடியில் பால்கோவாவோடு நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, கப்பல்காரரின் கார் பஸ்ஸுக்குப் பின்னால் மெதுவாக வரும். அவர் யாரையும் முந்த மாட்டார். "கோயில் தேரு எந்த வண்டியையாவது முந்திப் பாத்திருக்கியா?" என்பார்.

மம்சாபுரத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போனது மறக்க முடியாதது. வாசலில் காரை நிறுத்திச் சாவியை எடுத்தார். இன்ஜின் நிற்கவில்லை. அந்தக் காலத்து டீசல் இன்ஜினுக்கு ஓட ஆரம்பித்தபின் சாவி தேவைப்படாது. சாவியைத் திருப்பும்போது ஒரு சின்னக் குழாய் காற்றை உறிஞ்சித்தான் அதை அமர்த்தும். குழாயில் வெடிப்பு விழுந்தால் இன்ஜின் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். கப்பல்காரர் அதைக் கவனிக்காமல் மாலையோடு உள்ளே போய்விட்டார். வெளியே கார் கடகடவென்று இரைந்துகொண்டிருந்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஆச்சி பாட்டை நிறுத்தினார்.

"யாருல அது, மோட்டார அமத்துங்கல!"

"அமத்தியாச்சு ஆச்சி. சாவி இந்தா இருக்கு" என்று கப்பல்காரர் சாவியைத் தூக்கிக் காட்டினார்.

கூட்டம் சாவியைப் பார்த்தது. காரைப் பார்த்தது. மூலையில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். "போகக் கூடாத மனுசன் போயிட்டாரு. இது போகமாட்டேங்குது பாரு."

கப்பல்காரர் வெளியே வந்து, முன் மூடியைத் திறந்து, உள்ளே ஒரு நெம்புகோலை அழுத்தி இன்ஜினை அமர்த்தினார். திரும்பும் வழியில் அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. "உசுரு எம்புட்டுக் கெட்டி பாத்தியா?" என்றார்.

சிரிப்புக்கு இடம் கொடுத்தாலும் அந்தக் காரின் அருமையை நான் மறுக்க மாட்டேன். கதவைச் சாத்தினால் 'தப்' என்று ஒரே ஒரு சத்தம். அதோடு தெரு வெளியே நின்றுவிடும். வெளியில் கேட்கிற கடகடப்பு உள்ளே வரும்போது யாரோ பக்கத்து வீட்டில் பேசுவது போல் ஆகிவிடும். பள்ளம் வந்தால் கார் அதைத் தானே வாங்கிக்கொள்ளும். நமக்குத் தகவல்கூடச் சொல்லாது. மதினி பின் சீட்டில் ஏறிய மறு நிமிடம் தூங்கிவிடுவார்.

கடந்த ஒரு வருடமாக எனக்கு முன் சீட்டில் ஒரு வேலை கிடைத்திருந்தது. "தம்பி, இடது பக்கம் பாத்துச் சொல்லு" என்பார். நான் "வாங்க அண்ணாச்சி, யாரும் இல்ல" என்பேன். காரை இன்னும் பத்திரமாக ஓட்ட ஆரம்பித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் காரின் பதிவு முடிந்தது. பழைய வண்டிகளை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்தத் தடவை பழைய டீசல் வண்டி எதையும் விடமாட்டார்கள் என்று டீக்கடையில் தினமும் யாராவது ஒரு சேதி கொண்டுவந்தார்கள். தேறாவிட்டால் கார் இனி ரோட்டுக்கு வர முடியாது. கப்பல்காரர் ஒரு மாதமாகவே சரியாகச் சாப்பிடவில்லை. அவருடைய லைசென்ஸும் அதே பிப்ரவரியில் முடிந்தது. அதற்கு ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும் என்பதால் அவர் அதை ஒரு விஷயமாகவே எண்ணவில்லை.

அன்று காலை நான் போனபோது காரின் நெற்றியில் சந்தனம் இருந்தது.

"பரிட்சைக்குப் போற பிள்ள கணக்கா அனுப்புதாக" என்றார் மதினி. "என் மகன் பன்னெண்டாவது எழுதப் போனப்ப இவிய எந்திரிக்கவே இல்ல."

"அவன் பெயிலானா மறுபடி எழுதலாம்" என்றார் கப்பல்காரர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் ஆட்டோக்களுக்கும் வேன்களுக்கும் நடுவில் கார் போய் நின்றது. இன்ஸ்பெக்டர் இளைஞர். விளக்கு, ஹாரன், சேசிஸ் நம்பர் எல்லாம் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். கப்பல்காரரும் கூடவே குனிந்தார்.

"ஐயா, இது எங்க அப்பா கல்யாணத்துக்கு முந்துன வண்டி. ஒரு ரவுண்டு நான் ஓட்டிப் பாக்கணும்."

கப்பல்காரரின் முகம் மாறியது. இந்த முப்பது வருடத்தில் மெக்கானிக்கைத் தவிர வேறு யார் கையிலும் அந்தச் சாவி போனதில்லை. மகனே தனியாக வேறு கார் வைத்திருக்கிறான். சாவியை நீட்டினார். "மஞ்ச வெளக்கு அணையட்டும் சார். பேசாம இருங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் மைதானத்தைச் சுற்றி வந்தார். இறங்கிக் கதவைச் சாத்தினார். ஒரு கணம் நின்றார். பிறகு கதவைத் திறந்து இன்னொரு முறை சாத்தினார். அந்தச் சத்தத்துக்காகத்தான் என்று எனக்குத் தெரிந்தது. சுற்றி நின்ற ஆட்டோக்காரர்களுக்கும் தெரிந்தது.

"பாஸ் ஐயா. இந்த மாதிரி வச்சிருந்தா இன்னும் முப்பது வருசம் ஓடும்."

கப்பல்காரர் காரின் கூரையில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

அங்கிருந்து சான்றுக்காகக் கண் டாக்டர் ஒருவரிடம் போனோம். "வண்டி பாஸு டாக்டர். டிரைவர் மட்டும் பாக்கி" என்று சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தார். டாக்டரும் சிரித்தார். பிறகு அவரை நேராகப் பார்க்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, தன் கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

"எத்தன விரல் தெரியுது?"

"எந்த வெரலு?" என்றார் கப்பல்காரர்.

டாக்டர் கையைச் சற்று உள்ளே கொண்டுவந்தார். "இப்ப?"

கப்பல்காரர் தலையைத் திருப்பாமல் என்னைக் கேட்டார். "தம்பி, டாக்டரு எங்க நீட்டுதாரு?"

டாக்டரின் கை அவருடைய கன்னத்துக்கு முன்னால், ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

கண்ணின் அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு டாக்டர் விளக்கினார். அழுத்தம் கூடிக்கூடி, பக்கப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டது. நேரே பார்ப்பது நன்றாக இருப்பதால் ஆளுக்குத் தெரியாது. போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். உடனே மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும். கார் ஓட்டக் கூடாது. சான்றில் கையெழுத்துப் போட முடியாது.

"வண்டி பாஸாயிட்டு டாக்டர்" என்றார் கப்பல்காரர் மறுபடியும், சின்னக் குரலில்.

"வண்டி நல்லா இருக்குய்யா. குறுக்க ஒரு பிள்ள ஓடி வந்தா உங்களுக்குத் தெரியாது."

அவர் எழுந்துகொண்டார்.

வெளியே வந்ததும் பழக்கத்தில் டிரைவர் பக்கக் கதவுக்குப் போனார். கைப்பிடியைத் தொட்டார். திறக்காமல் நின்றார். நான் தள்ளியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து சாவியை நீட்டினார்.

"டிரைவர் யாரையாவது கூப்பிடவா அண்ணாச்சி?"

"எவன் கையிலயோ குடுக்கவா இம்புட்டு வருசம் வச்சிருந்தேன்? ஏறு."

அவர் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மில் வேன் ஓட்டிப் பழகிய தைரியத்தில் நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் ஆறடி. நான் அவ்வளவு உயரம் இல்லை. கால் நுனிதான் பெடலில் பட்டது.

"சீட்ட முன்னால இழுத்துக்கோ."

"எட்டுது அண்ணாச்சி."

"பொய் சொல்லாத. கழுத்து கொக்கு மாதிரி நீளுது."

அந்தச் சீட்டை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. அது அவருடைய கால் அளவுக்கு நின்ற இடம். கால்விரல் நுனியால் அழுத்தி அழுத்தியே ஊரைத் தாண்டினேன். முதலில் பின்னாலிருந்து உத்தரவுகள் வந்தன. "கியர மாத்து. மெதுவா. பஸ்ஸு போகட்டும்." பிறகு சத்தம் இல்லை. கண்ணாடியில் பார்க்கப் பயமாக இருந்தது. அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இங்க கை வைக்க நடுவுல ஒரு திண்டு இறங்குது. உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

"தெனமும் தொடச்சிருக்கேன். ஒருநாளும் கை வச்சதில்ல." திண்டை மடக்கி, மறுபடி இறக்கும் சத்தம் கேட்டது. "பள்ளமே தெரியலயேப்பா. மெத்தையில படுத்த மாதிரில்லா இருக்கு. உங்க மதினி இதுக்குத்தான் ஏறுன உடனே தூங்கிருதாளா?"

"ஆமா அண்ணாச்சி."

"நான் என்மேல கோவம்னுல்லா நெனச்சேன். இம்புட்டு வருசமா."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்த மாதிரி இருந்தது. ராஜபாளையம் எல்லைக்குள் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கண்ணாடியில் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, கப்பல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் மதினி நின்றிருந்தார். டிரைவர் சீட்டில் என்னைப் பார்த்ததும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். நான் கண்ணாடியை இறக்கி மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடிக்கும் வரை அவர் தூங்குகிற மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுற்றிப் போய் மறுபக்கக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் சாவியைத் திருப்பப் போனேன்.

"அமத்தாதிய தம்பி" என்றார் மதினி. "சத்தம் நின்னா முழிச்சிருவாக. செத்த நேரம் ஓடட்டும்."

ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. மதுரை டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியிருந்ததால், காலையில் முதல் வேலையாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். கப்பல்காரரும் மதினியும் பின் சீட்டில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. நான் முன் கதவைத் திறந்து உட்கார்ந்து காலை நீட்டினேன். பாதம் முழுசாகப் பெடலில் பதிந்தது. சீட்டை எனக்கு முன்பே யாரோ முன்னால் இழுத்து வைத்திருந்தார்கள்.