எலி சார் காலமான கதை

"பேர் என்னுதுதாம்மா. அதுக்குக் கீழ இருக்கற ஆபீஸ்தான் எவனோடதோ!" என்று போனில் கத்தினார் எலி சார்.

எலிகளின் மூளையில் ஞாபகம் எங்கே தங்குகிறது என்று ஆராய்ந்து ஆராய்ந்து அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் என்னவென்று ஆய்வு நிலையத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. துறைத்தலைவர் நாற்காலி காலியாக இருக்கிற நேரம் பார்த்துப் பெரிய ஆய்வுப் பத்திரிகையில் அவர் கட்டுரை வந்தது. அதைக் காட்டி நாற்காலியைப் பிடிக்கலாம் என்றால், பாவிகள், அவரைப் போட்டி நிலையத்து ஆளாக அச்சடித்துவிட்டார்கள்!

"சின்ன விஷயம் சார், திருத்திடுறோம்," என்றாள் பத்திரிகை அலுவலகப் பெண்.

திருத்தினார்கள். கூட எழுதிய வெளியூர்க்காரர்கள் மூன்று பேரும் அச்சில் எலி சாரின் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் மட்டும் போட்டி நிலையத்திலேயே இருந்தார்.

மறுபடி போன், மறுபடி "சின்ன விஷயம்". இந்தத் தடவை நிலையத்தைத் தொடவே இல்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி போட்டு, அடிக்குறிப்பில் 'காலமானார்' என்று சேர்த்திருந்தார்கள்.

"ஏங்க, உங்க ஃப்ரெண்டு போன்ல அழுறாரு," என்றாள் மனைவி.

"உசிரோடதான் இருக்கேன்னு சொல்லேன்!"

"சொன்னேனே. 'மனசைத் தேத்திக்கங்கம்மா'ங்கறாரு."

எலி சார் தலையில் அடித்துக்கொண்டு பத்திரிகைக்குப் போன் போட்டார்.

"நீங்க உயிரோட இருக்கறதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா சார்?"

"இவ்வளவு நேரமா உங்கிட்ட கத்திக்கிட்டிருக்கேனே, அது போதாதா?"

ஒருவழியாக எல்லாம் சரியாக வந்தது. எலி சார் பிரதி எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினார்.

இயக்குநர் கட்டுரையைப் பார்த்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது நீங்களா?"

"நானேதான் சார்!"

"கொஞ்சம் வெளியில இருங்க."

டைப்பிஸ்ட் அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது அந்த அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது.

"என்னம்மா, நாற்காலி எனக்குத்தானே?"

"போட்டி நிலையத்துலேர்ந்து பெரிய ஆளா ஒருத்தரை இழுத்துக்கிட்டு வரணும்னு ஆர்டரே டைப் பண்ணி வெச்சிருந்தோம் சார்."

"அடப்பாவமே! யாரு அந்த ஆளு?"

"நீங்கதான். காலமானார்னு போட்டப்பகூட, எதுக்கும் விசாரிச்சுப் பார்ப்போம்னு ஆர்டரைப் பத்திரமா வெச்சிருந்தாங்க. நம்ம எலி சார்தான்னு தெரிஞ்சதும் கிழிச்சுப் போட்டுட்டாங்க."