மங்கோலியாவின் மானம்

ஒயுனா குளிருக்காக முதுகில் ஒட்டியிருந்த, தானே சூடாகும் சூட்டு ஒட்டுகளில் ஒன்று நழுவி இடுப்புக்கு இறங்கியபோது, ரயில் இன்னும் சப்போரோ நகரத்தைக்கூடத் தாண்டவில்லை.

இடுப்பில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இரண்டும் சேர்ந்து அடுப்பு மூட்டிவிட்டன.

"என்னடி நெளியறே?" என்றாள் எதிர் இருக்கையில் இருந்த மிசுஹோ. ஒசாகாக்காரி. வாய் சும்மா இருக்காது.

"ஒண்ணுமில்லை. பனி அழகா இருக்கேன்னு பார்த்தேன்."

"அழகுதான். ஆனா உனக்கு நெத்தி எல்லாம் வேர்க்குதே. காய்ச்சலா?"

"இதெல்லாம் எங்க ஊர்க் கோடைடி. வேர்க்காம என்ன செய்யும்?"

பக்கத்தில் இருந்த பெய்லிங், கழுத்துத் துணியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவளைப் பக்தியோடு பார்த்தாள். தைவானின் தெற்குக் கோடியிலிருந்து வந்த பெய்லிங்குக்கு அக்டோபரிலேயே பல் தந்தியடிக்கத் தொடங்கியிருந்தது.

தப்பெல்லாம் ஒயுனாவின் வாய்மேல்தான். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் நாளே, "எங்க ஊர்ல மைனஸ் நாற்பதுல தெருவுல நின்னு ஐஸ்கிரீம் சாப்பிடுவோம்" என்று சொல்லிவைத்தாள். பொய் இல்லை. சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒயுனா ஏழாவது மாடி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். உலான்பாத்தரில் அவள் வீட்டுக்குள் வெந்நீர்க் குழாய்கள் ஓடின. ஜனவரியிலும் அரைக்கை பனியன்தான். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே அப்பாவின் கார் ஓடியது. குளிர் என்றாலே அவளுக்கு உயிர் போய்விடும்.

ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளைத் தவிர வேறு மங்கோலியர் யாரும் இல்லை. அவள் ஒரு தடவை நடுங்கினால் ஒரு நாடே நடுங்கினதாக ஆகிவிடும். அதனால்தான் இந்த வாரக் கடைசிப் பனிப் பயணத்துக்காக மருந்துக்கடையில் சூட்டு ஒட்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கி, சட்டைக்குள் சுவரொட்டி ஒட்டுவதுபோல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

இருக்கைக்கு அடியில் ரயிலின் சூடேற்றியும் எரியும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பொறுக்க முடியாமல் எழுந்து, அப்பா அனுப்பிய ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றினாள்.

"பாருடி!" என்று மிசுஹோ பெட்டிக்கே கேட்கும்படி கத்தினாள். "ஊரெல்லாம் உறைஞ்சு கிடக்கு, இவ கோட்டைக் கழட்டறா!"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மெல்லக் கைதட்டினார். ஒயுனாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

அடுத்த நிலையத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏறி, காலியாக இருந்த நாலாவது இருக்கையில் உட்கார்ந்தார். மெல்லிய பருத்திச் சட்டை. காலில் காலுறை இல்லாத மரச் செருப்பு. செருப்பில் பனி அப்பியிருந்தது.

"ஐயோ பாவம்" என்று பெய்லிங் முணுமுணுத்தாள். "போட்டுக்க ஒரு கோட்டுகூட இல்லை போலிருக்கு."

ஒயுனாவுக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்தது. இரண்டு கைகளாலும் கோட்டை நீட்டினாள். "மாமா, இதைப் போட்டுக்குங்க."

"ஐயையோ, வேண்டாம்மா!"

"பரவாயில்லை மாமா."

"இல்லை இல்லை, உண்மையிலேயே வேண்டாம். நான் இன்னிக்கு..."

மிசுஹோ ஒயுனாவின் காதில் சொன்னாள். "எங்க ஆளுங்க அப்படித்தான்டி. வேணும்னாலும் மூணு தடவை வேண்டாம்பாங்க. அதுதான் மரியாதை. நீ நாலாவது தடவை கேட்காதே, போர்த்திவிட்டுடு."

ஒயுனா போர்த்திவிட்டாள். பொத்தானையும் கழுத்து வரை போட்டுவிட்டாள். அவர் தலை முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்து வணங்கினார்.

"என்னை டோகாஷின்னு கூப்பிடுவாங்க. ரொம்ப... ரொம்ப நன்றி."

கோட்டு போயும் உடம்பின் கொதிப்பு அடங்கவில்லை. ஒயுனா கழிவறைக்குள் போய் எல்லா ஒட்டுகளையும் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டாள். சொர்க்கம். ஒற்றைச் சட்டையோடு திரும்பி நடந்து வந்தபோது வழி நெடுகப் பாராட்டுப் பார்வைகள்.

டோகாஷியின் முகம் செக்கச்செவேல் என்று ஆகியிருந்தது. கண்ணோரத்தில் ஏதோ வழிந்தது.

"அழறார்டி" என்றாள் பெய்லிங். தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவருக்குச் சுற்றிவிட்டாள். ஒயுனா தன் கம்பளிக் குல்லாவைக் காது மறைய மாட்டிவிட்டாள். அவர் மறுபடியும் குனிந்து வணங்கினார். இந்தத் தடவை நிமிர நேரமாயிற்று.

அப்போது ரயில் முனகிக்கொண்டு நின்றது. தண்டவாளத்தில் பனி குவிந்துவிட்டதாம். பனி அள்ளும் வண்டி வரும் வரை எஞ்சினை நிறுத்திவைப்பதாகச் சொல்லி ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டார்.

சூடேற்றியும் நின்றது.

முதலில் ஒயுனாவின் விரல்கள் போயின. பிறகு மூக்கு. பிறகு முழங்கால்கள் தாமாகவே ஆடத் தொடங்கின. கழிவறைக்கு ஓடினாள். கூடையில் ஒட்டுகளின் மேல் யாரோ மிச்சத் தேநீரைக் கொட்டியிருந்தார்கள். எல்லாம் ஊறிச் செத்துக் கிடந்தன.

திரும்பி வந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏன்டி பேசாம இருக்கே?" என்றாள் மிசுஹோ.

பேச வாயைத் திறந்தால் பல் மேளம் கொட்டும். ஒயுனா புன்னகை மட்டும் செய்தாள். அதுவும் உறைந்து அப்படியே நின்றுவிட்டது.

டோகாஷி பொத்தானை அவிழ்த்தார். "அம்மா, தயவு பண்ணி இதை நீங்களே போட்டுக்குங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்கறேன்."

ஒயுனாவின் கை அவளைக் கேட்காமலே பாதி தூரம் நீண்டது.

"மாமா! இவளை யாருன்னு நினைச்சீங்க?" மிசுஹோ எழுந்தே விட்டாள். "மங்கோலியாக்காரி! மைனஸ் நாற்பதுல ஐஸ்கிரீம் சாப்பிடற ஆளு!"

பெட்டி முழுக்கக் கைதட்டியது. நடைவழிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட நாடு!" என்றார்.

நீண்ட கையாலேயே ஒயுனா அவர் பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டாள். அந்த நிமிடம் அவள் உடம்பில் சூடாக இருந்தது நெஞ்சு ஒன்றுதான். ஆனால் அது நன்றாகவே எரிந்தது. அப்பா இதைப் பார்க்க வேண்டுமே!

ஒருவழியாகப் பனி அள்ளும் வண்டி வந்தது. ரயில் ஊர்ந்து ஊர்ந்து கடலோரத்துச் சிறிய நிலையத்தை அடைந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நடைமேடையில் கூட்டம், கொடிகள், மேளச் சத்தம். என்ன திருவிழாவோ! ஒயுனா ஒற்றைச் சட்டையோடு பனியில் தலை நிமிர்ந்து நின்றாள். ஒரு தடவைகூட யாரும் அவள் நடுங்கிப் பார்க்கவில்லை. நாடு தப்பியது. இனி இந்த மனிதரிடமிருந்து கோட்டை நாசூக்காக வாங்கிவிட வேண்டியதுதான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, விழாக்குழுப் பட்டை அணிந்த ஒரு பெண்மணி டோகாஷியிடம் ஓடி வந்தார். கோட்டு, குல்லா, கழுத்துத் துணி, வழியும் வேர்வை எல்லாவற்றையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒயுனாவைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"நல்லா இருக்குங்க நீங்க பண்றது! திருவிழாவுல இந்த உறையற கடல்ல முதல் ஆளா முழுகணும்னு பத்து நாளா கோட்டைத் தொடாம உடம்பைப் பழக்கிட்டு, இன்னிக்குப் போய் இப்படிப் போர்த்திக்கிட்டு வந்து நிக்கறீங்களே; இதோ, இந்தப் பொண்ணு எவ்வளவு ஒழுங்கா ஒத்தைச் சட்டையோட தயாரா வந்திருக்கா பாருங்க... நீ வாடா கண்ணு, இந்த வருஷம் நீதான் முதல்ல இறங்கறே!"